நாலு பத்துக்கு வருகிறவன்

"கதவு திறந்தது" என்றது இன்சூரன்ஸ்காரரின் போன். மாலை நாலு பத்து. அவர் அலுவலகத்தில் இருந்தார். மனைவி அவளுடைய அலுவலகத்தில். வீட்டில் மச்சான் மட்டும்தான். இரவு வேலை பார்த்துவிட்டுப் பகல் முழுக்கத் தூங்குகிறவன்.

அந்த கேரேஜ் கதவு அவர் கைவேலை. மோட்டார், ரிமோட், போனோடு பேசும் சின்னப் பெட்டி. மாட்டி முடிப்பதற்குள் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளும் ஒரு கட்டைவிரல் நகமும் போயிருந்தன.

போனைத் தட்டிக் கதவை மூடினார். மூச்சு விடுவதற்குள், "கதவு திறந்தது." மறுபடி மூடினார். மறுபடி திறந்தது. நாலாவது தடவைக்குப் பிறகுதான் எதிராளி ஓய்ந்தான்.

பொய் விபத்துகளைக் கண்டுபிடிப்பது அவர் தொழில். உடைந்த கண்ணாடியைப் பார்த்தே உடைத்தவனைச் சொல்லிவிடுவதாக அவரே சொல்லிக்கொள்வார். வீடு வந்ததும் விசாரணை தொடங்கியது.

"மச்சான், நாலு பத்துக்கு எங்கே இருந்தே?"

"கனவுல மாமா."

"கதவைத் திறந்தியா?"

"கனவுலயா?"

பதில் சரளமாக வந்தது. அதுவே அவருக்கு உறுத்தியது.

அன்றைக்கே பெட்டியின் பாஸ்வேர்டை மாற்றினார். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது என்ன பாஸ்வேர்டு? மறுநாளும் நாலு பத்துக்குக் கதவு திறந்தது. ஐந்தரைக்கு மனைவி வந்து தன் போனைத் தட்டியபோது திறக்கவில்லை. அவளுடைய வீட்டுச் சாவி உள்ளே சமையலறை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. மச்சான் அழைப்பு மணிக்கும் எழுந்திருக்கவில்லை. மழை பெய்தது.

"திருடனுக்குத் திறக்குது, எனக்குத் திறக்கலையா?" தலையைத் துவட்டியபடி கேட்டாள்.

"திருடன்னு நீயே ஒத்துக்கிட்டே பாரு."

அடுத்து கேமரா வந்தது. கேரேஜுக்குள் நுழைகிறவன் முகம் தெரியும்படி உட்சுவரில் மாட்டினார். நாலு பத்துக்குக் கதவு உயர்ந்தது. வாசலில் ஒரு ஈ காக்கை இல்லை. கதவு இறங்கியது.

"ஆளே இல்லைங்க" என்றாள் மனைவி.

"கேமரா இருக்கிறது தெரிஞ்சவன். அப்போ வீட்டுக்குள்ள இருக்கிற ஆள்தான்."

மச்சானின் ரிமோட்டை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். மச்சான் இரண்டு சட்டையையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு நண்பன் அறைக்குப் போய்விட்டான்.

மறுநாள் நாலு பத்து. "கதவு திறந்தது."

"இப்போ என்ன சொல்றீங்க?" மனைவி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ரிமோட்டுக்கு நகல் எடுத்திருப்பான்."

"என் தம்பி தேங்காயெண்ணெய் பாட்டிலையே திறக்கத் தெரியாம என்கிட்டக் கொடுப்பான். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள அந்தத் திருடனை என் கண்ணுல காட்டுங்க. இல்லைன்னா நீங்களே போய் என் தம்பிகிட்ட மன்னிப்புக் கேட்டுக் கூட்டிட்டு வாங்க. அவன் வர்ற வரைக்கும் நானும் இங்கே இருக்கிறதா இல்லை."

துணி அடுக்க ஒரு பையை எடுத்துக் கூடத்தில் வைத்தாள். பை பெரியதாக இருந்தது.

விடிய விடிய உட்கார்ந்து பெட்டிக்குப் புதுக் கட்டளை எழுதினார். தன் உத்தரவில்லாமல் கதவு திறந்தால் அந்தக் கணமே மூட வேண்டும். எத்தனை தடவை திறந்தாலும் அத்தனை தடவையும் மூட வேண்டும். இரக்கம் கூடாது.

நாலு பத்து. திறந்தது, மூடியது. திறந்தது, மூடியது. பதினோரு முறை. பிறகு சத்தமே இல்லை.

"தொலைஞ்சான்!" என்று கத்தினார். பக்கத்து மேஜைக்காரர் கையிலிருந்த தேநீர்க் கோப்பை கவிழ்ந்து தாளெல்லாம் நனைந்தது.

ஒரு மணி நேர பர்மிஷன் எழுதிக் கொடுத்துவிட்டுப் பறந்து வந்தார். அவர் வீட்டுக் கதவு அசையாமல் மூடிக் கிடந்தது. எதிர்வீட்டு வாசலில்தான் கூட்டம். அங்கே கேரேஜ் கதவு ஒரு சிவப்புக் காரின் முதுகைக் கவ்விப் பிடித்திருந்தது. கார் பாதி உள்ளே, பாதி வெளியே. அலுவலகத்திலிருந்து சீக்கிரமே திரும்பியிருந்த மனைவி, கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, கதவுக்குத் தோள் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஜெயிச்சுட்டேன்! இன்னைக்கு அவனால உள்ளே நுழையவே முடியலை" என்றார் அவளிடம்.

காருக்குள்ளிருந்து ஜன்னல் வழியாகக் கஷ்டப்பட்டு இறங்கிய எதிர்வீட்டு நர்ஸம்மா அவரைப் பார்த்ததும் கைகூப்பினாள்.

"நல்ல நேரத்துல வந்தீங்க சார்! உங்க கதவைப் பார்த்துதான் ஒரு வாரம் முன்னாடி அதே கடையில அதே பெட்டியை வாங்கி மாட்டினேன். தினமும் நாலு பத்துக்கு வேலை முடிஞ்சு வந்து நான் திறக்கத் திறக்க, எவனோ ஒரு படுபாவி எங்கேயோ உட்கார்ந்துக்கிட்டு மூடிக்கிட்டே இருக்கான். நீங்கதான் அவனைக் கண்டுபிடிச்சுக் கொடுக்கணும்!"