நியாயவிலையும் இருபத்தைந்து ரூபாய் டிக்கெட்டும்

மழை பெய்தால்கூட "இன்னா விலை?" என்று கேட்டு, "இந்தத் தூறலுக்கு இது ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டுத்தான் குடையை விரிக்கக்கூடிய மனிதர் உலகத்தில் ஒரே ஒருவர்தான் பிறந்தார். அவர் காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்தில், என் அறைக்கு அடுத்த அறையில் குடியிருந்தார்.

பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ஊரில் யாருக்கும் அது தெரியாது. எல்லோருக்கும் அவர் 'நியாயவிலை'. முகத்துக்கு நேரே சொல்லும்போது மரியாதைக்காக ஒரு 'சார்' சேர்த்துக்கொள்வார்கள். அவரும் கோபித்துக்கொள்ளாமல், "இன்னாபா?" என்று திரும்புவார்.

எழுபதுகளின் ஆரம்பம் அது. நான் ஒரு வங்கியில் புதுக் குமாஸ்தா, பிரம்மச்சாரி. அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும், அவரும் பிரம்மச்சாரி. ஒரு பட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில், நெய்து கொண்டுவரும் சேலைகளுக்கு விலை போடுவது அவர் உத்தியோகம். சேலையை மடியில் போட்டு, முந்தியை ஒரு நீவு நீவி, ஜரிகையைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்து, ஒரு தொகை சொல்வார். சாயங்காலம் சங்கத்தைப் பூட்டிவிடுவார்கள். அவர் நாக்கைப் பூட்ட ஆள் இல்லை. வழியெல்லாம் விலை போட்டுக்கொண்டேதான் வீடு வந்து சேருவார்.

பெருமாள் கோயிலில் பல்லி தொடுவதற்கு டிக்கெட் உண்டு. தங்கப் பல்லி ஒன்று, வெள்ளிப் பல்லி ஒன்று, இரண்டையும் தொட்டுவிட்டு வரலாம். நியாயவிலை டிக்கெட் ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"தங்கத்துக்கும் வெள்ளிக்கும் ஒரே டிக்கெட்டா? எந்த ஊரு நியாயம்பா இது?"

"இரண்டுக்கும் சேர்த்துத்தான் சார் ஒரு டிக்கெட்."

"நான் வெள்ளிய மட்டும் தொட்டுக்கினு வந்துடறேன். அதுக்கு எவ்ளோ?"

வரிசை ராஜகோபுரம் வரை நீண்டுவிட்டது. பின்னால் நின்ற ஆந்திராக்காரக் குடும்பம் ஒன்று, தானே அவருக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கிக் கையில் திணித்தது. அவர் உள்ளே போய் இரண்டையும் தொட்டுவிட்டு வந்து, "வெள்ளிதான் வழவழன்னு கீது" என்று தீர்ப்புச் சொன்னார்.

அர்ச்சகரையும் விட்டதில்லை. "சாமி, குடுத்த காசுக்கு மூக்கு மட்டும்தான் தெரிஞ்சுது. கற்பூரத்த இன்னொரு சுத்து காமிங்க." அர்ச்சகர் சிரித்துக்கொண்டே காட்டிவிட்டார். பெருமாளும் சிரித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

மார்க்கெட்டுக்கு அவரோடு போவது பெரிய தண்டனை. இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை புடலங்காய், பூசணிக்காய், சேனைக்கிழங்கு என்று ஒன்று பாக்கியில்லாமல் விலை கேட்பார், அடித்துப் பேசுவார், கடைக்காரரின் மகள் கல்யாணம் என்னவாயிற்று என்று விசாரிப்பார். கடைசியில் இரண்டு கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு திரும்புவார். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"சார், கை நிறையச் சம்பளம் வாங்கறீங்க. கேட்ட விலையைக் குடுத்துட்டு வந்தா என்ன?"

"கேட்ட விலைய குடுத்துட்டா அதோட பேச்சு முடிஞ்சிடுதேபா" என்றார்.

நான் அதை நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தேன். அவரும் கூடச் சிரித்தார்.

கல்யாணம் ஆகாததற்கும் காரணம் இந்த விலைதான். வாலாஜாபாத்தில் பெண் பார்க்கப் போயிருக்கிறார். பெண் வந்து நமஸ்காரம் செய்து நின்றாள். பெண்ணின் அப்பா பெருமையாக, "பொண்ணு கட்டிக்கினு இருக்கறது நூத்திப்பத்து ரூபா சேலைங்க" என்று சொல்லிவிட்டார். ஆசாமிக்குக் கை துறுதுறுத்துவிட்டது. முந்தியை ஒரு நீவு நீவி, "எழுவதுக்கு மேல பெறாது, உங்கள ஏமாத்திட்டாங்க" என்றார். அந்தச் சேலையை விற்றவர் அங்கேயே உட்கார்ந்து கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பெண்ணின் தாய்மாமன்! மாப்பிள்ளையை மறந்துவிட்டு அப்பா வீட்டாரும் மாமன் வீட்டாரும் அடித்துக்கொண்டார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் தரகர் தலையில் கைவைத்துக்கொண்டு, "பொண்ணப் பத்தி ஒரு வார்த்த சொல்லிருக்கக் கூடாதா?" என்று புலம்பியிருக்கிறார். "நல்ல பொண்ணுதான். அதுக்குப் போயி நான் இன்னா விலை சொல்றது?" என்றாராம் இவர். அதற்குப் பிறகு எந்தத் தரகரும் அவர் வாசல் பக்கம் வரவில்லை.

இப்படிப்பட்ட மனிதர் ஊரில் இருக்கும்போதுதான் அந்த நோட்டீஸ் வந்தது.

ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலர் சேர்ந்து ஒரு மனமகிழ் மன்றம் வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடத்துக்குக் கூரை போடுவதற்காக ஒரு கச்சேரி நடத்தப்போவதாக அறிவித்தார்கள். சென்னை பெரம்பூரிலிருந்து டெரிக் என்ற ஆங்கிலோ இந்தியர் வந்து கிதார் வாசிப்பார். 'ப்ளூஸ்' என்ற மேல்நாட்டுச் சங்கீதம். நோட்டீஸ் எழுதியவர் தமிழ்ப்பற்று உள்ளவர். 'நவீன நீல இசை' என்று போட்டுவிட்டார்.

எங்கள் தெருமுனையில் காதர் பாய் டீக்கடை. காலையில் நெசவுக்காரர்கள் எல்லோரும் அங்கேதான். நோட்டீஸைப் படித்ததும் பெரிய விவாதம் கிளம்பிவிட்டது.

"நீலம்னா எந்த நீலம்பா? ஆனந்தா நீலமா, மயில்கழுத்தா?"

"ராமர் நீலமா இருக்கும். வெள்ளக்காரனுக்கு அதுதான் புடிக்கும்."

"சாயம் போவாம இருக்குமா கேளு!"

நியாயவிலை மட்டும் நோட்டீஸின் அடிப்பகுதியைப் படித்துக்கொண்டிருந்தார். முன்வரிசை சோபா ரூபாய் இருபத்தைந்து. நாற்காலி பத்து. பெஞ்சு மூன்று. என் அறை வாடகையே இருபதுதான்.

"வீணையில ஏழு கம்பி. இதுல ஆறுதான். ஒரு கம்பி கம்மியா இருக்கறதுக்கு இருவத்தஞ்சு ரூபாயா?" என்று ஆரம்பித்தார். "கருட சேவைக்கு நாயனம் விடிய விடிய வாசிக்கிறாங்க. யாரு டிக்கெட் கேட்டா? அதுல நம்ம பின்னாடியே வேற வருவாங்க. இவரு ஒரே எடத்துல குந்திக்கினு வாசிப்பாரு, நாம போவணுமா?"

"கேக்காத பாட்டுக்கு விலை சொல்லாதே நைனா. கேட்டுட்டு வந்து சொல்லு" என்றார் காதர் பாய், டீயை ஆற்றியபடி.

அந்த நேரம் பார்த்து மன்றத்தின் செயலாளர் டிக்கெட் புத்தகத்தோடு வந்தார். முன்வரிசை டிக்கெட் ஒன்றுகூட விற்கவில்லை. பெரிய மனிதர்கள் எல்லோரும் பாஸ் வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். காதர் பாய் சொன்னதை அவர் பிடித்துக்கொண்டார்.

"சரியாச் சொன்னீங்க பாய். நியாயவிலை சார் ஒரு சோபா டிக்கெட் வாங்கட்டும். பெறலைன்னா மேடையிலேயே ஏறிச் சொல்லட்டும், பணத்த வாபஸ் தர்றேன்!"

கடை முழுக்கக் கைதட்டல். எல்லோரும் அவர் நழுவிவிடுவார் என்றுதான் எதிர்பார்த்தார்கள். அவரோ பனியனுக்குள் கையைவிட்டுப் பர்ஸை எடுத்தார். அவர் பேரம் பேசாமல் வாங்கிய ஒரே பொருள் எனக்குத் தெரிந்து அந்த டிக்கெட்தான்.

கச்சேரி அன்று ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கல்யாண மண்டபத்தில் ஏற்பாடு. பெஞ்சுகளில் கொஞ்சம் காலேஜ் பையன்கள், மழைக்கு ஒதுங்கிய சிலர், மூன்று ரூபாய் கொடுத்த நான். நாற்காலிகளில் அங்கொருவர் இங்கொருவர். பாஸ் வாங்கிய பெரிய மனிதர் ஒருவர்கூட வரவில்லை. முன்வரிசையில் சிவப்பு வெல்வெட் சோபாக்கள், மாப்பிள்ளையும் பெண்ணும் ஜோடியாக உட்காருவதற்கு வாடகைக்கு விடுபவை. அத்தனையும் காலி. நியாயவிலை மடிப்புக் கலையாத பட்டுக்கரை வேட்டியில் வந்தார். ஒவ்வொரு சோபாவிலும் உட்கார்ந்து எழுந்து ஸ்பிரிங்கைச் சோதித்தார். நடு சோபாவைத் தேர்ந்தெடுத்து அதில் ஒரு ஓரமாக உட்கார்ந்தார். பக்கத்து இடம் காலியாக இருந்தது.

டெரிக் மேடைக்கு வந்தார். ஒல்லியான மனிதர், முழங்கையில் பளபளத்துப்போன கறுப்புக் கோட்டு. முதலில் குதியாட்டமாக எதையோ வாசித்தார். பையன்கள் விசிலடித்தார்கள். நியாயவிலை அசையவில்லை. பிறகு டெரிக் மெதுவாக ஒன்று ஆரம்பித்தார். விரலால் கம்பியை ஒதுக்கித் தள்ளும்போது சுரம் ஏறாமலும் இறங்காமலும் நடுவில் நின்று விசும்பியது. வந்த இடத்துக்கே திரும்பத் திரும்ப வந்தது. பையன்களுக்குப் பொறுமை போய்விட்டது. "வேகமா ஒண்ணு போடு சார்!" என்று கத்தினார்கள்.

அப்போதுதான் கரண்ட் போயிற்று.

கிதாரின் ஒலிபெருக்கிப் பெட்டி ஊமையாகிவிட்டது. இருட்டில் பெஞ்சுகள் கிறீச்சிட்டன. "இனிமே எங்க வரும்?" என்று பேசிக்கொண்டே ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். செவிலிமேட்டுக்காரர்கள் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்கள். செயலாளர் பெட்ரோமாக்ஸ் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுப் போனவர் வரக் காணோம். குடை இல்லாததால் நான் மட்டும் வாசல் தூணோரம் நின்றுவிட்டேன்.

மேடையிலிருந்து டெரிக்கின் குரல் வந்தது.

"ஹலோ? யாரு மேன் கீறாங்க அங்கே?"

இருட்டுக்குள்ளிருந்து பதில் வந்தது. "இருவத்தஞ்சு ரூபா டிக்கெட்."

டெரிக் சிரித்தார்.

"எல்லாரும் பூட்டாங்க. நீ போவலியா, ஸார்?"

"நான் இன்னும் கேட்டு முடிக்கல. வாசி."

"கரண்ட் இல்லாம அங்க கேக்காது."

"அப்போ எறங்கி வா. இங்க ஒரு எடம் சும்மாத்தான் கீது."

மண்டபத்துக் காவல்காரர் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி மேடையின் விளிம்பில் வைத்துவிட்டுப் போனார். டெரிக் இறங்கி வந்து கல்யாண சோபாவின் அடுத்த பாதியில் உட்கார்ந்தார். கரண்ட் இல்லாத கிதார் சத்தம் ரொம்பச் சின்னது. நியாயவிலை காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இது இன்னா பாட்டு?"

"ப்ளூஸ். ஒர்த்தன் வேலைய முடிச்சிட்டு வீட்டுக்கு வர்றான். வீட்ல யாரும் இல்லே. அவ்ளோதான் மேட்டர்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"அதுக்கு ஏன் அதையே திருப்பித் திருப்பி வாசிக்கறே?"

"டெய்லி வீட்டுக்கு வர்றான் இல்லே, ஸார்" என்றார் டெரிக்.

நியாயவிலை மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "இன்னொரு தபா வாசி" என்றார். மழை விடும்வரை அதையே வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வாசித்தார், ஒருவர் கேட்டார் என்றுதான் எழுத வேண்டும். ஆனால் தூணோரம் நின்ற எனக்கு இரண்டு பேரும் சேர்ந்து வாசித்ததாகத்தான் ஞாபகம்.

மறுநாள் காலை காதர் பாய் கடையில் கூட்டம் தாங்கவில்லை. தறியை நிறுத்திவிட்டு வந்திருந்தார்கள். செயலாளர் பணத்தோடு ஒரு மூலையில் நின்றார். முகம் வெளுத்திருந்தது. நியாயவிலை பேப்பர் படித்தார். டீ குடித்தார். கிளாஸைக் கீழே வைத்தார்.

"சொல்லு நைனா. இருவத்தஞ்சு ரூபா பெறுமா, பெறாதா?" என்றார் காதர் பாய்.

"உங்களுக்குப் பெறாது" என்றார் அவர்.

கடையே சிரித்தது. செயலாளர் பணத்தை நீட்டினார். நியாயவிலை அதை வாங்கவில்லை.

"எனக்குப் பெறும்."

"அது எப்படி? ஒரே பாட்டு, ஒரே விலை. உங்களுக்குப் பெறும், எங்களுக்குப் பெறாதா?" என்றார் செயலாளர்.

"உங்களுக்கெல்லாம் வூட்ல ஆளுங்க கீறாங்க" என்றார் நியாயவிலை. "உங்களுக்கு மூணு ரூபாயே ஜாஸ்தி."

சொல்லிவிட்டு, சங்கத்துக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விட்டார். ஒரு நெசவுக்காரர் பாதி டீயை வைத்துவிட்டு வீட்டைப் பார்க்க நடந்தார். காதர் பாய் கிளாஸ்களை எடுத்துக் கழுவ ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பெரம்பூருக்குப் போக ஆரம்பித்தார். போய் வந்து பஸ் கட்டணத்தைப் பற்றி மட்டும் புலம்புவார். ஒருமுறை டெரிக்கே காஞ்சிபுரம் வந்தார். இட்லி வாங்கிக்கொடுத்து, பெருமாள் கோயிலைச் சுற்றிக் காட்டி, பஸ் ஏற்றிவிட்டு வந்தார் இவர். அன்று முழுக்க எதற்கும் விலை சொல்லவில்லை என்று ஊரே பேசிக்கொண்டது.

இடையில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. அதே தெருவில் தனிவீடு எடுத்தோம். குடிவந்த மறுநாள் சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. நியாயவிலை நின்றுகொண்டிருந்தார். குத்துவிளக்கிலிருந்து கோலமாவு டப்பா வரை விலை போட்டார். என் மனைவி காப்பி கொடுத்தாள். "இந்தக் காப்பி போட்ட சக்கரைக்குக்கூடப் பெறாது தாயி" என்றார். ஒரு சொட்டு மீதி வைக்கவில்லை. மறுநாளும் ஆறு மணிக்கு வந்தார். அதற்கு மறுநாளும். முதலில் முகம் சுளித்தவள், பிறகு ஐந்தே முக்காலுக்கே பாலை அடுப்பில் வைக்கத் தொடங்கினாள்.

சில வருடங்கள் கழித்து எனக்கு விழுப்புரத்துக்கு மாற்றல் உத்தரவு வந்தது. சம்பளமும் கொஞ்சம் கூடுதல். சந்தோஷமாக வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். அங்கே வீடு கிடைக்குமா, தண்ணீர் எப்படி என்றெல்லாம் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சாயந்தரம் அவரு எங்கங்க போவாரு?" என்று கேட்டாள்.