இஸ்ஸா, வாஸா?

இங்கிலீஷில் இருப்பவருக்கு ‘இஸ்’, இறந்தவருக்கு ‘வாஸ்’. கடலுக்குப் போய்த் திரும்பாதவருக்கு என்ன போடுவது என்று எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம் இருந்த காலம். மண்டைக்காட்டுக்கு அருகே எங்கள் கடற்கரையில் பள்ளிப் படிப்பை முடித்தவன் நான் ஒருவன்தான். அந்த மிதப்பில் தெருநாய்க்குக்கூட இங்கிலீஷில்தான் உத்தரவு போடுவேன். (அது தமிழ் நாய். அசையாது.)

அந்த ஆடியில் அப்பாவின் கட்டுமரம் திரும்பி வரவில்லை. உடலும் ஒதுங்கவில்லை. இறந்தவர்களுக்கான ஆத்தும பூசை வைக்கலாமா என்று பங்குச் சாமியார் கேட்டபோது, “அவிய வருவாவ சாமி” என்று அம்மா மறுத்துவிட்டாள். தாலியையும் கழற்றவில்லை.

வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. குழித்துறையில் ஓர் எண்ணெய் ஆலைக்குக் குமாஸ்தா தேவை என்றார்கள். அம்மாவின் தம்பியான மாமா, தன் கல்யாணக் கோட்டை எனக்கு மாட்டிக் கூட்டிப்போனார். கோட்டுக்குள் இன்னும் இரண்டு பேருக்கு இடமிருந்தது.

மானேஜர் இலக்கணம் கேட்டார். “கோ, வென்ட், கான்” என்று முழங்கினேன். தலையசைத்தார். பிறகு, அப்பாவுக்கு என்ன தொழில் என்று இங்கிலீஷில் கேட்டார்.

தமிழென்றால் ‘அப்பாவுக்குக் கடல் தொழில்’ என்று தப்பித்திருப்பேன். அதில் காலமே கிடையாது. இங்கிலீஷ் விடுமா?

“மை ஃபாதர் வாஸ்...” என்று தொடங்கினேன். அம்மாவின் முகம் வந்து நின்றது. “இஸ்...” என்றேன். ஊரே கரையில் கூடி அழுதது நினைவுக்கு வந்தது. “வாஸ்...”

“இஸ்ஸா, வாஸா?”

“இஸ் வாஸ், சார்.”

அறையே சிரித்தது. நானும் சிரிக்கப் பார்த்தேன். வாய் கோணிக்கொண்டு அழுகை வந்துவிட்டது. கோட்டின் கை நீளம், முகம் துடைக்கத் தோதாக இருந்தது. வேலை கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும், “என்ன கேட்டாவ மக்கா?” என்றாள் அம்மா. நான் கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மானேஜர் அறை வாசலில் நின்று எல்லாம் கேட்டிருந்த மாமாதான் சொன்னார்: “அத்தானப் பத்திக் கேட்டாவ எக்கா. இவன் இஸ்வாஸ், இஸ்வாஸ்னு நின்னான். எல்லாரும் சிரிச்சாவ.”

“விசுவாசமா? அதுக்கா சிரிச்சாவ?” அம்மா என் தலையைத் தடவினாள். “நீ சரியாத்தான் சொல்லிருக்க மக்கா.”

இன்றும் எங்கள் வீட்டில் வருமா வராதா என்று தெரியாத எதற்கும் ‘இஸ்வாஸ்’ என்றுதான் பெயர். “பஸ் இஸ்வாஸ், தாத்தா” என்பான் பேரன். அம்மா இருந்தவரை, அந்தச் சொல் காதில் விழுந்தால் உடனே சிலுவை போட்டுக்கொள்வாள். அதன் அர்த்தத்தை நாங்கள் யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.