மச்சான் சீரியஸ் என்று தந்தி கொடுக்கவும்

மேற்கு ஜெர்மனி
11-11-1984

மரியாதைக்குரிய மச்சான் சென்னகிருஷ்ணன் அவர்களுக்கு, மாப்பிள்ளை திம்மராயன் வணக்கத்துடன் எழுதுவது. மத்தூரில் தாங்களும் அக்காவும், தங்கள் தங்கை பவளமும், சினை எருமையும் சௌக்கியம்தானே? நான் உயிரோடு இருக்கிறேன். சௌக்கியம் என்று எழுத வயிறு சம்மதிக்கவில்லை.

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் என்னை ஏற்றிவிடும்போது, "குடுக்கறதத் தின்னுட்டு ஆறு மாசம் கம்முனு மெஷின் வேலையைக் கத்துக்க மாப்ளே, திரும்பி வந்தா நீதான் ஃபோர்மேன்" என்றீர்கள். கொடுத்தால்தானே மச்சான் தின்பதற்கு! கம்பெனி என்னைத் தங்கவைத்திருப்பது ஹில்டா அம்மா வீட்டில். தங்கமான மனுஷி, ஆனால் சாயங்காலமானால் அந்த வீட்டில் அடுப்பே பற்றவைப்பதில்லை. ஆறு மணிக்கு ஜில்லென்று ரொட்டி, பாலாடைக்கட்டி, வெள்ளரிக்காய் ஊறுகாய். முதல் நாள் இது சோற்றுக்கு முன்னால் கொறிக்க என்று நினைத்து, ஒரு துண்டோடு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். சோறு வரும் வரும் என்று பார்த்தால், அந்தம்மா தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள். மறுநாள் இன்னும் வேண்டுமா என்று கேட்டார்கள். பழக்கதோஷம், போதுங்க என்றேன். நம்ம ஊரில் யாராவது அதோடு விடுவார்களா? அக்காவாக இருந்தால் "அட, என்னப்பா கோழி மாதிரி கொத்தறே" என்று இரண்டு கரண்டி தள்ளமாட்டார்களா? இந்தம்மா தலையை ஆட்டிவிட்டு ரொட்டியை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் விபரீதம். சுடச்சுட இரண்டு உருண்டை, மேலே கறிக்குழம்பு! உருளைக்கிழங்கில் பிடித்ததாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது மச்சான், நம்ம ராகிக் களி மாதிரியே! கத்தியையும் முள்கரண்டியையும் ஒதுக்கிவிட்டு, கையால் பிய்த்துக் குழம்பில் புரட்டி லபக் லபக்கென்று விழுங்கினேன். களியை மென்று தின்றால் நம்ம பக்கம் சிரிக்கமாட்டார்களா? ஆனால் இது ரப்பர். மூன்றாவது வாய் தொண்டையிலேயே நின்றுவிட்டது. ஹில்டா அம்மா அலறினார்கள். அவர் வீட்டுக்காரர் ஹான்ஸ் ஐயா, எழுபது வயதிலும் கட்டை மாதிரி ஆள், முதுகில் விட்டார் பாருங்கள் ஒரு குத்து! உருண்டை உள்ளே போனது, நான் நாற்காலியோடு கீழே போனேன். டாக்டர் வந்து டார்ச் அடித்துப் பார்த்து, பல்லெல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது, ஏன் மெல்லவில்லை என்று கேட்டார். எனக்குத் தெரிந்த இருபது ஜெர்மன் வார்த்தையில் களியை எப்படி விளக்க? கையை உருட்டி, தொண்டையைத் தடவிக் காட்டினேன். மூன்று பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மானம் போச்சு. அன்றிலிருந்து பால்குடி மறந்த பிள்ளைக்குத் தருவதுபோல எனக்கு எல்லாவற்றையும் பொடிப்பொடியாக நறுக்கித் தருகிறார்கள். என்னால முடியாது மச்சான். ஃபோர்மேன் வேலையை, அதற்கு என்னோடு போட்டி போட்ட கிருஷ்ணப்பனே வைத்துக்கொள்ளட்டும். 'சீரியஸ், உடனே புறப்படவும்' என்று ஒரு தந்தி கொடுங்கள். அம்மா பெயரைப் போடாதீர்கள், தெரிந்தால் துடைப்பத்தை எடுப்பார். பவளம் பெயரைப் போட மனசு வரவில்லை. ஆகவே தயவுசெய்து தங்கள் பெயரையே போட்டுக்கொள்ளவும்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். பவளத்திடம் டாக்டர் வந்த சங்கதியை மூச்சுவிட வேண்டாம். எருமை கன்று போட்டதும் எழுதவும்.

இப்படிக்குப் பசியுடன்,
திம்மராயன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போன நேரத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். தட்டு நிறைய, நெல்லிக்காய் அளவில், மெத்துமெத்தென்று உருண்டைகள். எனக்கு விழுங்குவதற்கென்றே ஹில்டா அம்மா பிடித்தவை. ஹான்ஸ் ஐயா சட்டைக் கையை மடித்துவிட்டு, ஒன்றைக் கையால் எடுத்துக் குழம்பில் புரட்டி, மெல்லாமல் லபக்கென்று போட்டார். அப்புறம் இன்னொன்று. நான் இன்று போதுங்க என்று சொல்லவே இல்லை. தந்தி வேண்டாம் மச்சான். தாங்கள் சௌக்கியமாகவே இருக்கலாம்.