மாடி வீட்டு ரிஜெக்ட்டும் என் தங்கையின் பூந்தியும்

ஆம்பூரில் தைக்கிற ஷூவிலிருந்து ஆண்டவன் போட்ட வானவில் வரைக்கும் எதைக் காட்டினாலும் ஒரு குறை சொல்லக்கூடிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் மாடியில் குடியிருக்கிறார்.

ஷூ கம்பெனியில் கடைசி செக்கிங் அவர் கையில். ஒரு தையல் விலகியிருந்தால் போதும், "ரிஜெக்ட்" என்று ஓரமாக வைத்துவிடுவார். தெருவில் அதுவே அவர் பெயராகி, சொந்தப் பெயரைத் தபால்காரரே மறந்துவிட்டார்.

கம்பெனியைவிட்டு வந்தாலும் செக்கிங் ஓயாது. எதிர்வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்து, "லெஃப்ட் தோள் கொஞ்சம் எறக்கம்" என்றார். ஓட்டலில் இட்லியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "ஓரத்துல ஃபினிஷிங் இல்ல" என்று திருப்பி அனுப்பினார். ஒருமுறை பெண் பார்க்கப் போன இடத்தில் வாசற்படி கோணலாக இருப்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்து, பெண்ணைப் பார்க்காமல் திரும்பிவிட்டாராம். ஐம்பது வயதாகிறது. தனிக்கட்டை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலூரிலிருந்து பெங்களூருக்கு ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போன என் தங்கை, வழியில் தன் நாய்க்குட்டியை என்னிடம் இறக்கிவிட்டாள். பெயர் பூந்தி, வயது மூன்று மாதம். அவள் வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருப்பதால் வீட்டில் அவளுக்குப் பேச்சுத்துணையே பூந்திதான். "சாயங்காலம் வரைக்கும்தாண்ணா. ரொம்ப சமத்து" என்றாள்.

சமத்து முதல் அரை மணி நேரத்தில் துடைப்பத்தைப் பிரித்தது, பேப்பரைக் கிழித்தது, நான் திருத்த வைத்திருந்த பத்தாம் வகுப்பு விடைத்தாளில் ஒன்றைத் தின்றது. அந்தப் பையனுக்கு எப்படியும் மார்க் வந்திருக்காது என்பது வேறு விஷயம். மனைவியும் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். தனியாக வீடு முழுக்க அதன் பின்னால் ஓடிக்கொண்டிருந்தேன்.

அப்போது ரிஜெக்ட் மாடியிலிருந்து இறங்கினார். ஷூ வாங்குகிற வெளிநாட்டு பையர் கம்பெனியைப் பார்வையிட வருகிற நாள் என்பதால் ஞாயிற்றுக்கிழமையும் வேலை. மடிப்புக் கலையாத யூனிஃபார்ம். இருபது வருஷத்தில் ஒருநாள்கூட லீவு போடாதவர்.

குட்டியைக் குனிந்து பார்த்தார்.

"காது ரெண்டும் ஜோடி சேரல சார். ஒண்ணு தூக்கினு இருக்குது, ஒண்ணு தொங்குது. வாலும் சைஸ் கம்மி."

பூந்தி அவர் ஷூ லேஸைக் கவ்வி இழுத்தான்.

"டேய், உட்றா! பேஜாரான பையனா கீறானே!"

லேஸை விடுவித்துக்கொண்டு அவர் கேட்டைத் திறந்ததும், அவர் கால்களுக்கு நடுவே புகுந்து பூந்தி தெருவுக்குப் பாய்ந்தான். நான் லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு முனைக்கு ஓடினேன். ஆள் இல்லை. பக்கத்திலேயே ஹைவே, லாரி ஹாரன் ஓயவில்லை.

திரும்பி வந்தால், வண்டியின் மேல் உட்கார்ந்து ரிஜெக்ட் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"சார், இன்னிக்கு வர முடியாது சார். வூட்ல சின்னப் பையன் காணாம பூட்டான்."

போனைப் பையில் போட்டு, "ஏறுங்க சார்" என்றார்.

டீக்கடை, பால் பூத் என்று கண்ட இடத்திலெல்லாம் வண்டியை நிறுத்தி விசாரித்தார். "பிரவுன் கலரு. லெஃப்ட் காது மடிஞ்சினு இருக்கும். ரைட் முன்னங்கால்ல சட்டை பட்டன் சைஸுக்கு ஒரு வெள்ளை." அப்படி ஒரு வெள்ளை இருந்ததே எனக்குத் தெரியாது.

பிரியாணிக் கடை பாய்க்கு அந்த விவரம் போதுமாக இருந்தது. "கால்ல வெள்ளை போட்டதா? இப்பதான் ஒரு எலும்பத் தூக்கினு தோல் குடோன் பக்கம் ஓடிச்சு."

குடோனில் கம்பெனிகள் கழித்துப்போட்ட தோல் துண்டுகள் ஆள் உயரத்துக்கு மூட்டை மூட்டையாகக் கிடந்தன. எங்களைப் பார்த்த பூந்தி, விளையாட வந்திருக்கிறோம் என்று நினைத்து இரண்டு மூட்டைகளுக்கு நடுவே புகுந்துகொண்டான். நான் அதட்டினேன். இன்னும் உள்ளே போனான்.

"சத்தம் போடாதீங்க சார், பயந்துடுவான்." ரிஜெக்ட் அந்த யூனிஃபார்மோடு மண்ணில் குப்புறப் படுத்து, கையை இடுக்கில் நீட்டினார். "வாடா கண்ணு... வாடா ராஜா... மாமா ஒண்ணும் பண்ண மாட்டேண்டா." அரை மணி நேரம் அப்படியே படுத்திருந்தார். ஒன்பது வருஷமாக எங்கள் மாடியில் இருக்கிறார், அப்படி ஒரு குரல் அவரிடம் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

முதலில் ஒரு மூக்கு வந்தது. பிறகு நாக்கு வந்து அவர் விரலை நக்கியது. தூக்கிச் சட்டைக்குள் போட்டுப் பட்டனை மாட்டிக்கொண்டார். "வண்டிய நீங்க எடுங்க சார். மெதுவா போங்க, பள்ளம் ஜாஸ்தி."

மத்தியானம் முழுக்கப் பூந்தி அவர் மடியில் தூங்கினான்.

"கால் மரத்துப் போச்சு சார்."

"கீழ விட்டுடுங்களேன்ணா" என்றேன்.

"தூங்கறான் சார்."

சாயங்காலம் தங்கை வந்தாள். ரிஜெக்ட் குட்டியை அவள் கையில் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

மறுநாள் கம்பெனி முடிந்து வந்தவர் நேராக என் வாசலில் நின்றார்.

"கம்பெனில எல்லாரும் கேக்கறாங்க சார், பையன் கெடச்சானான்னு."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"கெடச்சிட்டான், அவங்க அம்மாகூட ஊருக்குப் போய்ட்டான்னு சொன்னேன்." கேட்டின் கொண்டியைப் போட்டார், எடுத்தார், திரும்பப் போட்டார். "மறுபடி எப்ப வருவான்னும் கேக்கறாங்க சார்."

அதைக் கம்பெனியில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் படியேறி முடிப்பதற்குள் நான் தங்கைக்கு போன் போட்டேன்.