இடியம் நோட்டும் இரண்டாவது ஓலையும்

என் அம்மாவை நான் ஒருமுறை சாகடித்திருக்கிறேன். அதுவும் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு. அம்மாவுக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது, பக்கத்து அறையில் டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு சீரியல் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆனாலும் வீட்டுக்கு யார் வந்தாலும், "இவன்தாங்க என்னைக் கொன்ன புள்ள" என்றுதான் இன்றைக்கும் என்னை அறிமுகப்படுத்துகிறார்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. பி.காம். முடித்துவிட்டு மாரண்டஹள்ளியில் சும்மா திரிந்துகொண்டிருந்தேன். அதற்கு நான் வைத்திருந்த பெயர் 'பாங்க் பரீட்சைக்குப் படிக்கிறேன்'. கணக்கெல்லாம் போட்டுவிடுவேன். இங்கிலீஷ் பேப்பரில்தான் உதைக்கும். அதிலும் இந்த இடியம்ஸும் ஃப்ரேசல் வெர்ப்ஸும் இருக்கின்றனவே, அவை பச்சைத் துரோகம். 'புட்' என்றால் வை. சரி. 'புட் ஆஃப்' என்றால் தள்ளிப்போடு. 'புட் அவுட்' என்றால் அணை. 'புட் ஆன்' என்றால் உடுத்திக்கொள். 'புட் அப் வித்' என்றால் சகித்துக்கொள். ஒரே 'புட்'டை வைத்துக்கொண்டு ஒரு நாடே குடும்பம் நடத்தியிருக்கிறது! (வேறு வார்த்தையே கிடைக்கவில்லையாப்பா உங்களுக்கு?)

தருமபுரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் பழைய புத்தகக் கடையில், அட்டை கிழிந்த இடியம் புத்தகம் ஒன்று வாங்கினேன். ஒவ்வொன்றுக்கும் அர்த்தமும் ஓர் உதாரண வாக்கியமும் இருந்தன. வாக்கியத்தில் எல்லாம் டாம், ஹாரி, மிசஸ் பிரவுன். இரண்டு மாதம் தலைகீழாக நின்று படித்தும் ஒன்றும் மண்டையில் ஒட்டவில்லை. அப்போதுதான் என் சொந்த மூளையில் அந்த யோசனை உதித்தது. மிசஸ் பிரவுன் செத்தால் எனக்கென்ன வந்தது? தெரிந்தவர்களைப் போட்டு எழுதினால் மறக்காதே!

அன்றைக்கே ஒரு நீள நோட்டு வாங்கி ஆரம்பித்துவிட்டேன். 'பாஸ் அவே' என்றால் இறந்துபோதல். மை மதர் பாஸ்ட் அவே லாஸ்ட் தர்ஸ்டே. எழுதிவிட்டு, அம்மா இருக்கிறாரா என்று சமையலறையை எட்டிப் பார்த்தேன். அதனாலேயே சட்டென்று மனதில் பதிந்தது. 'பிரேக் இன்டு' என்றால் பூட்டை உடைத்து நுழைதல். மை ஃபாதர் புரோக் இன்டு த சர்ச். 'கெட் அவே வித்' என்றால் செய்த தப்புக்கு மாட்டாமல் தப்பித்தல். அதிலும் அப்பாவையே போட்டேன். இப்படி எங்கள் வீட்டார் அத்தனை பேரும் அந்த நோட்டில் திருடினார்கள், ஜெயிலுக்குப் போனார்கள், செத்தார்கள், அடுத்த பக்கத்தில் எழுந்து வந்து பக்கத்து வீட்டோடு சண்டை போட்டார்கள். ஒரு மாதத்தில் இருநூறுக்கு மேல் மனப்பாடம். நான் ஒரு மேதையோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அப்பாவுக்கு ஊரில் தக்காளி மண்டி. எங்கள் சர்ச்சின், அதாவது கோயிலின், கமிட்டியிலும் இருந்தார், கோயில் சாவி ஒன்று அவர் இடுப்பில்தான் தொங்கும். எனக்கு ஒரே அக்கா, லில்லி. தினமும் காலை பஸ்ஸில் பாலக்கோட்டுக்குப் போய் ஒரு நர்சரிப் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு சாயந்திரம் திரும்புவாள். அதிர்ந்து பேசாதவள். அவளுக்கு ஓசூரிலிருந்து வரன் வந்தது. மாப்பிள்ளை கிளமெண்ட், கம்பெனியில் சூப்பர்வைசர். பேசி முடித்து முதல் ஓலையும் வாசித்தாகிவிட்டது. ஓலை என்றால், கல்யாணம் முடிவானவர்களின் பெயரை மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசையில் பாதிரியார், எங்கள் பேச்சில் சாமியார், வாசிப்பார். யாருக்காவது தடை ஏதும் தெரிந்தால் சொல்லலாம். ஒரு ஓலை வாசித்தபின் கல்யாணம் நின்றால் ஊரெல்லாம் பேச்சாகிவிடும். அப்பா தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

முதல் ஓலைக்கு அடுத்த புதன்கிழமை, கிளமெண்டின் அம்மாவும் சித்தப்பாவும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். சித்தப்பா கோலார் தங்கவயலில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். கோட்டு போட்டிருந்தார். பெங்களூர் சொந்தக்காரர்களுக்குக் கல்யாணப் பத்திரிகையை இங்கிலீஷில் அடிக்கவேண்டும், அதன் வாசகத்தைப் பேசி முடிக்கத்தான் வந்திருந்தார்கள்.

"இங்கிலீஷுக்கு நீங்க ஏங்க கஷ்டப்படறீங்க? நம்ம பையன் இருக்கான்ல! கரைச்சுக் குடிச்சிருக்கான்" என்றார் அப்பா.

சித்தப்பா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி என்னைப் பார்த்தார்.

"அப்டியா? தம்பி, 'பரி த ஹேட்செட்'னா என்ன?"

"பகையை மறந்து சமாதானமாப் போறதுங்க."

"'அட் த இலெவன்த் அவர்'?"

"கடைசி நேரத்துலங்க."

"'ஸ்மெல் எ ராட்'?"

"ஏதோ தப்பு நடக்குதுன்னு சந்தேகப்படறதுங்க."

"சென்னாகிதே! சென்னாகிதே!" என்று கன்னடத்தில் பாராட்டித் தொடையில் தட்டினார். அப்பாவின் மீசை அரை அங்குலம் உயர்ந்தது. கிளமெண்டின் அம்மா என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். சமையலறைக் கதவோரம் லில்லி நின்றிருந்தாள். அத்தோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். மூடினேனா? எனக்குத்தான் சனி நாக்கில் உட்கார்ந்திருந்ததே.

"இதெல்லாம் சும்மாங்க. நானே சொந்தமா வாக்கியம் எழுதி ஒரு நோட்டு போட்டிருக்கேன். காட்டட்டுங்களா?"

யாரும் கேட்கவில்லை. நானே உள்ளே ஓடினேன், நானே எடுத்துவந்தேன், நானே அவர் கையில் கொடுத்தேன். கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே கைகட்டி நின்றேன், பாராட்டை வாங்கிக்கொள்ள வசதியாக. அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது எனக்கு நினைவே வரவில்லை. எனக்கு அவை வெறும் இடியம்ஸ். அப்போது அம்மா ஒரு தட்டு நிறைய வாழைக்காய் பஜ்ஜியோடு வந்தார்.

சித்தப்பா ஒரு பஜ்ஜியை எடுத்துக் கடித்தார். நோட்டைப் பார்த்தார். மெல்வதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். மறுபடி நோட்டு. மறுபடி அம்மா.

"என்னங்க கொழுந்தனாரே?" என்றார் கிளமெண்டின் அம்மா.

"ஒண்ணுமில்ல அண்ணி... இவங்க போன வியாழக்கெழம செத்துப்போயிட்டதா எழுதிருக்கு."

"ஐயோ மாதாவே! அப்ப இந்தம்மா யாரு?" கிளமெண்டின் அம்மா வாயில் கை வைத்துக்கொண்டார். "நிச்சயத்துல பாத்த அதே மொகமா இருக்கே, ஒரு வாரத்துக்குள்ள தங்கச்சிய ரெண்டாந்தாரமா கட்டிட்டாரா?"

அம்மா கையிலிருந்த தட்டு சாய்ந்து இரண்டு பஜ்ஜி உருண்டது. அப்பா என்னைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இருநூறு வாக்கியமும் ஒரே நொடியில் கண்முன் ஓடின. நோட்டைப் பிடுங்கலாம் என்று கை நீட்டினேன், சித்தப்பா கோட்டோடு அணைத்துக்கொண்டார்.

"இருப்பா. அப்பா கோயில் பூட்டை ஒடச்சு உள்ள பூந்தாரு, அடுத்ததுல மாட்டாம தப்பிச்சிட்டாருன்னு இருக்கு."

அப்பாவின் கை தானாக இடுப்புச் சாவியைப் பிடித்துக்கொண்டது. அதைப் பார்த்த கிளமெண்டின் அம்மாவின் முகம் போன போக்கு இருக்கிறதே, ஐயோ!

"சார், அதெல்லாம் உதாரணங்க! பரீட்சைக்கு எழுதினது! ஒண்ணுகூட நெசமில்லைங்க!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது.

சித்தப்பா காதில் வாங்காமல் பக்கத்தைப் புரட்டினார். அடுத்து அவர் நிறுத்திய இடம் எனக்குத் தெரியும். 'போக் ஒன்ஸ் நோஸ் இன்டு.' அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைத்தல். அதற்கு நான் யாரைப் போட்டிருந்தேன்? நிச்சயதார்த்தத்தன்று எல்லாவற்றிலும் கருத்துச் சொல்லிக்கொண்டிருந்த கிளமெண்டின் சித்தப்பாவை. பெயர் போட்டு, கோட்டு உட்பட. அவர் அதை வாய்விட்டுப் படிக்கவில்லை. மூக்கை மட்டும் ஒருமுறை தடவிக்கொண்டார். கடித்த பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

அதற்கப்புறம்தான் அந்தப் பக்கம் வந்தது. அவர் முகமே மாறிவிட்டது. குரலைத் தாழ்த்தி ஒவ்வொரு வார்த்தையாகத் தமிழில் சொன்னார்.

"'லில்லி ஒரு பஸ் கண்டக்டரோட ஓடிப்போயிட்டா.'"

சத்தியமாகச் சொல்கிறேன், அதை எழுதும்போது எனக்கு ஒன்றுமே தெரியாது. 'ரன் அவே வித்'துக்கு யாராவது ஓடியாக வேண்டும். அக்கா தினமும் பஸ்ஸில் போகிறாள், அதனால் கண்டக்டரைப் போட்டேன். அவ்வளவுதான் விஷயம். அவள் ரயிலில் போயிருந்தால் ஸ்டேஷன் மாஸ்டரைப் போட்டிருப்பேன்.

அப்பா எழுந்துவிட்டார். அவருக்குக் கோபத்தில் உதடு துடித்தது. ஆனால் கோபத்தைவிட அவமானம்தான் அதிகம் என்று எனக்குத் தெரிந்தது. ஓலை வாசித்த வீடு. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

"சம்பந்தி, இந்தத் தறுதலை எழுதினதை விடுங்க. எம் பொண்ணைப் பத்தி எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். அவ வாயாலயே கேட்டுக்கங்க. லில்லி! இங்க வாம்மா."

லில்லி வந்தாள். முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"சொல்லும்மா. நீ ஒண்ணும் பயப்படாத. கண்டக்டர் எவனாச்சும் உண்டா?"

"கண்டக்டர் எல்லாம் இல்லைங்கப்பா."

"கேட்டீங்களா!" அப்பா வெற்றியோடு திரும்பினார். "நான்தான் சொன்னேனே, எம் பொண்ணு..."

"டிரைவருங்கப்பா" என்றாள் லில்லி.

அந்த நிமிஷத்தை நான் எப்படிச் சொல்வது? அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்பா திறந்த வாயோடு அந்த 'பொண்ணு'விலேயே நின்றுவிட்டார். என் அக்கா! நான் உரக்கத் தும்மினால்கூடத் திடுக்கிடுகிற அக்கா! லில்லி அழுதாள், ஆனால் தலையைக் குனியவில்லை. "பேரு அந்தோணிங்கப்பா. நம்ம கோயில்தான். கடைசிப் பெஞ்சுல உக்காருவாரு. ரெண்டு வருசமாச்சு" என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

தங்கவயல் சித்தப்பா நோட்டை மூடி இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார். "ஸ்பெல்லிங் எல்லாம் கரெக்டா இருக்கு தம்பி" என்றார். அண்ணியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். (அந்த மனுஷனைப் பற்றி நான் எழுதியதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.)

அப்புறம் எனக்கு விழுந்த அடியை விவரிக்கப் போவதில்லை. அடித்துக்கொண்டே அப்பா கேட்ட கேள்வி ஒன்றுதான்: "உனக்கு எப்படிடா தெரியும்?" தெரியாது, தெரியாது என்று அலறினேன். யாரும் நம்பவில்லை. லில்லியும் நம்பவில்லை. முதுகில் எண்ணெய் தேய்த்துவிட வந்தவள், "சொல்றதுன்னா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு எழுதியிருக்கலாம்லடா" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீ ஏங்க்கா மொதல்லயே சொல்லல? ஓலை வாசிக்கற வரைக்கும் என்ன பண்ணின?"

"யாருடா கேட்டாங்க? புடவை என்ன கலருன்னு கேட்டாங்க. ஜாக்கெட் அளவு கேட்டாங்க. சாமியார் மட்டுந்தான், உனக்குச் சம்மதமான்னு கேட்டாரு. அப்ப அப்பா பக்கத்துல உக்காந்திருந்தாரு. நான் என்னன்னு சொல்ல?"

அந்த இரண்டு வருஷமும் அவளோடு ஒரே வீட்டில்தான் இருந்திருக்கிறேன். அவளை வைத்து நோட்டில் எத்தனையோ வாக்கியம் எழுதியிருக்கிறேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அடி வலியைவிட அதுதான் அன்றைக்கு அதிகமாக வலித்தது.

இரண்டாவது ஓலை வாசிக்கப்படவில்லை. அப்பா சாமியாரிடம் போய் நிறுத்தச் சொன்னார். மூன்று மாதம் மண்டிக்குச் சந்து வழியாகப் போய் வந்தார். நான்காவது மாதம் ஒரு நாள், ஏதோ பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர் மாதிரி பஸ் ஸ்டாண்டுக்குப் போய், அந்தோணியின் பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்து பாலக்கோடு வரை போய்த் திரும்பினார். வீட்டுக்கு வந்து, "வண்டி நெதானமாத்தான் ஓட்டறான்" என்றார். அவ்வளவுதான். புதிதாக ஓலை எழுதினார்கள், மூன்று வாரமும் வாசித்தார்கள். மூன்று ஞாயிறும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

பாங்க் பரீட்சையில் நான் தேறவில்லை. இங்கிலீஷ் பேப்பரில் 'ரன் அவே' வந்திருந்தது, அர்த்தம் எழுதிவிட்டேன். வாக்கியத்தில் அமைக்கவும் என்று இருந்தது. பேனாவை மூடிவிட்டேன், அந்த இடத்தைக் காலியாகவே விட்டுவிட்டு வந்தேன்.

எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் எந்தப் பிள்ளைக்கு வரன் வந்தாலும், ஓலை எழுதக் கொடுப்பதற்கு முன்னால் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு கேள்வி கேட்பார்கள்: "கண்டக்டரா, டிரைவரா?" கேட்கிற வேலை என்னுடையது. லில்லியின் பிள்ளைகள், சித்தி மகளின் பெண்கள், எல்லோரிடமும் நான்தான் கேட்டிருக்கிறேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "போங்க மாமா, யாருமில்ல" என்பார்கள். பிறகு ஓலை கொடுப்போம்.

போன வருஷம் என் மகளுக்கு வரன் வந்தது. நல்ல இடம். எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வழக்கப்படி எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருக்க, சிரித்துக்கொண்டே கேட்டேன், "என்னம்மா, கண்டக்டரா, டிரைவரா?"

அவள் சிரிக்கவில்லை.

லில்லி அக்கா எழுந்து, ஒரு நாற்காலியை இழுத்து எனக்குப் பின்னால் போட்டாள். "மொதல்ல உக்காருடா" என்றாள்.