நயினார் லாட்ஜின் சம்பந்திகள்

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கி ஒரு வாரம் ஆகியும், கூகுளில் நயினார் லாட்ஜ் மூன்றாம் பக்கத்தை விட்டு நகரவில்லை.

"மூணாம் பக்கம்னா எங்கன கெடக்கோம்?" என்று கேட்டார் நயினார்.

"மூணாவது பந்தின்னு வச்சுக்கிடுங்க அண்ணாச்சி," என்றாள் வரவேற்பு மேஜையில் இருக்கும் இசக்கிசெல்வி. "நம்ம எலைக்கு வரதுக்குள்ள பாயசம் தீந்துபோகும்."

நயினாருக்குச் சுருக்கென்றது. பன்னிரண்டு அறையும் நிரம்ப வேண்டும் என்பது ஊருக்குச் சொல்லும் காரணம். உண்மைக் காரணம் வேல்விழி. ஒரே மகள். பிடித்த பையனைக் கட்டிக்கொண்டு வந்து நின்றபோது, "தராதரம் இல்லாத சம்பந்தம் எனக்கு வேண்டாம்" என்று கேட்டைச் சாத்தியவர் இவர்தான். மூன்று வருஷமாகிறது. எந்த ஊரில் இருக்கிறாள் என்றுகூடத் தெரியாது. யாரிடமாவது விசாரித்தால் இவர் கௌரவம் என்னாவது? அவளாகத் தேடி வரலாம் என்றால் அவளுக்கும் அதே கௌரவம் குறுக்கே நிற்கும், இவர் ரத்தமாயிற்றே. ஆனால் சீசன் நேரத்தில் அவள் சும்மா 'குற்றாலம்' என்று போனில் தட்டி, அப்பன் பெயர் முதல் பக்கத்தில் தற்செயலாகக் கண்ணில் பட்டால்? அதில் யாருக்கும் குறைச்சல் இல்லையே.

இந்தத் தற்செயலை ஏற்பாடு செய்யத்தான் தென்காசியிலிருந்து மணிகண்டபிரபு வரவழைக்கப்பட்டான். விசிட்டிங் கார்டில் 'தேடுபொறிச் சித்தர்' என்று போட்டிருந்தது. அதற்குத் தோதாகத் தாடியும் வைத்திருந்தான்.

"பேக்லிங்க்னா ஒண்ணுமில்ல அண்ணாச்சி. அடுத்தவன் வெப்சைட்டுல நம்ம பேரு இருக்கணும். நம்மள எத்தனை பேரு சொல்லுதாவன்னு கூகுள் எண்ணிப் பாக்கும்."

"சம்பந்தி மாதிரியா?"

"அதேதான்! ஐயாயிரம் சம்பந்தி பிடிச்சுத் தாரேன்."

பத்தே நாளில் பிடித்துத் தந்தான். போலந்தில் நாய்க்கு முடி வெட்டுகிற கடை, எங்கேயோ பழைய டயர் விற்கிறவன், வழுக்கைத் தலைக்கு லேகியம் கிண்டுகிறவன், ஆன்லைன் சீட்டாட்டக்காரன் என்று எல்லாரும் நயினார் லாட்ஜின் பெருமையைப் பேசினார்கள். லாட்ஜ் மூன்றாம் பக்கத்திலிருந்து ஒன்பதாம் பக்கத்துக்குப் போனது.

"என்ன தம்பி இது?"

"பயப்படாதீங்க. ஐயாயிரம் பத்தல. கூட்டம் சேந்தாத்தான் மதிப்பு."

இன்னும் பத்தாயிரம் பேர் வந்து சேர்ந்தார்கள். இப்போது ஒன்பதாம் பக்கத்திலும் இல்லை. இசக்கிசெல்வி இருபது பக்கம் தள்ளிப் பார்த்துவிட்டு, "கட்டவிரல் நோவுது அண்ணாச்சி" என்று போனைக் கவிழ்த்தாள். ஐந்தருவியில் நிற்க இடமில்லாத ஞாயிற்றுக்கிழமையிலும் நயினார் லாட்ஜ் மாடிப்படியில் குரங்குகள்தான் ஏறி இறங்கின.

சித்தர் லேப்டாப்பை விரித்து நெடுநேரம் தாடியைத் தடவினான்.

"இப்பதான் பிடிபடுது. வந்ததெல்லாம் லோ அதாரிட்டி."

"அப்படின்னா?"

"தராதரம் இல்லாத சம்பந்தம். முன்னாலன்னா இது எடுபட்டுது. இப்ப கூகுள் உசாராயிட்டு. சேராத எடத்துல சேந்தா நம்மளயும் சேத்து ஒதுக்கிரும்."

நயினார் நிமிர்ந்து உட்கார்ந்தார். கூகுள் மேல் அவருக்கு முதன்முதலாக மரியாதை பிறந்தது.

"அது நம்ம ஆளுல்லா! எல்லாத்தையும் அத்து விடு."

"ஒண்ணே ஒண்ண மட்டும் விட்டுருங்க," என்று இசக்கிசெல்வி குறுக்கே விழுந்தாள். "'ஈரத்துண்டு'ன்னு ஒரு ப்ளாக். யாரோ ஊர் சுத்துதத எழுதுதாவ. இந்த மாசம் வந்த நாலு குடும்பமும் அதப் படிச்சிட்டுத்தான் வந்திருக்கு."

"நம்மளப் பத்தி என்ன எழுதியிருக்கு?"

"'மொதலாளி மூஞ்சி கடுகடுன்னுதான் இருக்கும். ஆனா அருவியில குளிச்சிட்டு வார பிள்ளைகள, தல துவட்டினியான்னு கேக்காம மாடி ஏற விடமாட்டாரு'ன்னு."

"என் மூஞ்சியப் பத்திப் பேச அது யாருட்டி?"

மணிகண்டபிரபு எட்டிப் பார்த்து, கைவிட்ட கேஸைப் பார்த்த வைத்தியனைப் போல உதட்டைப் பிதுக்கினான். "அதாரிட்டி பூஜ்ஜியம் அண்ணாச்சி. மொதல்ல வெட்ட வேண்டியதே இதத்தான்."

பதினையாயிரம் பேருக்கும், ஈரத்துண்டுக்கும் சேர்த்து, ஒரே கடிதம். நயினார் சொல்லச் சொல்லச் சித்தர் தட்டினான். 'அன்புடையீர்' என்று தொடங்கியதை அடிக்கச் சொன்னார்.

'உங்களைப் போன்ற இடத்தில் எங்கள் பெயர் இருப்பது எங்களுக்குக் கேவலம். உங்களுக்கும் எங்களுக்கும் இனி எந்தச் சம்பந்தமும் இல்லை. பெயரை உடனே எடுத்துவிடவும். இப்படிக்கு, நயினார்.'

"போலந்துக்காரனுக்குத் தமிழ் தெரியுமா அண்ணாச்சி?" என்று கேட்டாள் இசக்கிசெல்வி.

"ரோஷம் உள்ளவனுக்குப் புரியும். அனுப்பு."

ஒரு வாரம் போயிற்று. போலந்திலிருந்து பதில் இல்லை. டயர்க்காரனும் அசையவில்லை. எப்போதாவது வந்துகொண்டிருந்த ஒன்றிரண்டு குடும்பங்களும் நின்றுபோயின. வெளியே சாரல் பெய்துகொண்டே இருந்தது. நயினார் கேட்டருகே நாற்காலி போட்டு, போகிற வருகிற கார்களின் ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறைக்கு ஆள் பார்க்கிறாராம்.

எட்டாம் நாள் காலையில் சித்தர் வந்திருந்த நேரமாகப் பார்த்து இசக்கிசெல்வியின் போன் கிணுகிணுத்தது.

"பதில் வந்திருக்கு அண்ணாச்சி. ஒண்ணே ஒண்ணு. ஈரத்துண்டு."

"பாத்தியளா!" என்று துள்ளினான் மணிகண்டபிரபு. "அசிங்கம் ஒண்ணு ஒழிஞ்சுது. இனிமே ஏறுமுகந்தான்."

"என்ன எழுதியிருக்கு? படி," என்றார் நயினார்.

இசக்கிசெல்வி ஒருமுறை மனசுக்குள் படித்தாள். போனை அவர் பக்கம் நீட்டினாள். "நீங்களே படிங்க."

"கண்ணாடி மாடியில கெடக்கு. சும்மா சத்தமாப் படிட்டி, தம்பியும் கேக்கட்டும்."

அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் படித்தாள்:

"எடுத்துட்டேன் அப்பா. இனிமே உங்க பேரை எங்கயும் எழுத மாட்டேன்."