நாற்பது நிமிடம் பிந்திய சூரியன்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே மணியைத் தவிர எல்லோரும் நலம். உன் வீட்டில் மணியும் நலம் என்று நம்புகிறேன்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக எங்கள் தலைமை ஆசிரியைக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினேன். இந்த மாதத்தில் நான்காவது. அதே சூட்டோடு உனக்கும் எழுதுகிறேன், காரணம் நீதான்.

மாமா சும்மா இருக்கிறாரே என்று பழம்பொருள் கடையிலிருந்து வாங்கி அனுப்பினாயே, உள்ளங்கை அகலத்தில் பித்தளைச் சூரியக் கடிகாரம், நடுவில் திசைகாட்டி, நிழல் விழ ஒரு தகடு, அதைத் தாங்கிப் பிடிக்க ஒரு குட்டிப் பறவை, அது வந்த நாளிலிருந்து உன் மாமா கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பீரோவில் வைத்துவிட்டார். ஆலை வாசலில் இருபத்திரண்டு வருஷம் ஆட்கள் வரும் நேரத்தைக் குறித்தவர், விரல்ரேகை இயந்திரம் வந்ததும் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர், இப்போது எங்களைக் குறிக்கிறார். பால்காரர் வந்தது, நான் குளித்தது, எல்லாம் நோட்டில் ஏறுகிறது. என்னைப் பள்ளியில் கொண்டுவிடும் ஸ்கூட்டரும் பறவை சொன்னால்தான் கிளம்பும். மேகமாக இருந்தால் "இன்னிக்கு மணி கிடையாதும்மா" என்று செய்தித்தாளை விரித்துக்கொள்கிறார். நான் பஸ்ஸுக்கு ஓடுகிறேன்.

அதைப் பால்கனிக் கம்பிமேல் வைத்துத்தான் பார்க்கிறார். முள் வடக்கை விட்டுக் கம்பிப் பக்கம் சாய்கிறது. அந்த முள்ளைப் பார்த்துத்தான் கடிகாரத்தைத் திருப்பி வைக்கிறார், ஆகவே மணி நாற்பது நிமிடம் பிந்திவிடுகிறது.

"ஏங்க, கம்பி இரும்புங்க. முள்ளை இழுக்குது."

"முந்நூறு வருஷமா வடக்கைப் பாத்த முள்ளு. உன் கம்பியைப் பாத்து மயங்கிடுமா?"

"ஸ்டூல் மேல வச்சுத்தான் பாருங்களேன்."

"ஸ்டூல் ஆடும். யாருகிட்ட வந்து டைம் பத்திப் பேசுற?"

நான் ஸ்டூலை எடுத்து உள்ளே வைத்தேன். வேலை போனதிலிருந்து அந்த அதட்டலைக் கேட்டு ஆறு மாதமாகியிருந்தது.

வரும் வியாழக்கிழமை ஒரு கிடங்கில் அவருக்கு நேர்காணல். லாரிகள் வந்துபோகும் நேரத்தைக் குறிக்கும் வேலை. அதற்கே பிந்திப் போய் நின்றால் வாசலோடு திருப்பிவிடுவார்கள். ஃபோனை எடுத்தது நான். கிழமையை அவரிடம் சொல்லிவிட்டேன், மணியைச் சொல்ல வாய் வரவில்லை. ஆகவே இதைப் படித்ததும் மாமாவைக் கூப்பிட்டு, கடைக்காரர் திருப்பிக் கேட்கிறார் என்று எதையாவது சொல்லி அதை வாங்கிக்கொண்டு போய்விடு.

நீயும் உன் வீட்டாரும் நீண்ட ஆயுளோடும் சரியான மணியோடும் வாழ ஆசிகள்.

உன் அக்கா

பி.கு.: மாமாவைக் கூப்பிடாதே. எதையும் கேட்காதே. மேகம் வந்தால் ஆட்டோவில் ஏற்றி நானே கொண்டுபோய் விடுவேன். நேர்காணல் பத்து மணிக்கு. ஒன்பது இருபதுக்கு என்று அவரிடம் சொல்லப்போகிறேன். இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.